சீபோ அத்தையின் காது

எங்கள் ஊர் மாரிக்குண்டாவில் தேர்தல் நாளன்று பள்ளிக்கூடத்துப் பக்கம் சைக்கிள் வரக் கூடாது. முந்தின நாளே அறிவித்துவிடுவார்கள். ஓட்டுப் போடும் டிரம்முக்குள் இருக்கும் மணியும் சைக்கிள் மணியும் ஒரே மாதிரி அடிக்கும், அதுதான் காரணம். அதிகாரி கையில் ஒரு கோலிக்குண்டு தருவார். திரைக்குப் பின்னால் போய், நமக்கு வேண்டிய கட்சியின் நிறம் பூசிய டிரம்மில், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்குள் அதைப் போட வேண்டும். குண்டு உள்ளே விழும்போது மணி ஒரு தடவை அடிக்கும். இரண்டு தடவை அடித்தால் போலீஸ்காரர் திரையை விலக்கிவிடுவார்.

அந்த ஒரு மணியை வைத்தே குண்டு எந்த டிரம்மில் விழுந்தது என்று சீபோ அத்தை சொல்லிவிடுவாள் என்று ஊரே நம்பியது. சின்னப் பிள்ளையில் நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே மாமரத்தடியில் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் சுளகு வைத்து, வேர்க்கடலை உரித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். உள்ளே மணி அடிக்கும். அவள் தலை லேசாக அசையும். அவ்வளவுதான். ஓட்டுப் போட்டு வெளியே வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் போக மாட்டார்கள்.

சீபோ அத்தை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து இங்கே இரண்டாம் மனைவியாக வந்தவள். மகன் சைகூ நடை பழகும் முன்பே புருஷன் இறந்துவிட்டார். புருஷனின் தம்பி யாங்கூபா அவளைத் தனக்குக் கட்டிவைக்கச் சொல்லிப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். அவளுக்கு இஷ்டமில்லை. அந்தச் சமயத்தில் ஒரு தேர்தல் வந்தது. அன்று சாயங்காலம் எல்லோரும் ஒரே வட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சோறும் வேர்க்கடலைக் குழம்பும் சாப்பிடும்போது, அவனைச் சீண்ட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், சும்மா சொன்னாள்.

“உன் குண்டு வெள்ளைல விழலயே, யாங்கூபா.”

அவன் கை வட்டிலுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டதாம்.

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. கேட்டுச்சு.”

ஊர் முழுக்க வெள்ளைக் கட்சி. யாங்கூபாவும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் முன்னால் போனவன்தான். ஆனால் அவன் முகம் அந்த ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் பார்த்தார்கள். விதைக்கடலை பங்கு போடும் நாளில் அவன் பங்கு வரவில்லை. கிணற்றடியில் அவனோடு யாரும் பேசவில்லை. மழை தொடங்கும் முன் எல்லையைத் தாண்டிப் போனவன், திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகுதான் வெள்ளைக் கட்சியின் ஊர்த் தலைவர் ஃபொடே அந்த நாற்காலியைக் கொண்டுவந்து மாமரத்தடியில் போட்டார். “நீ ஒண்ணும் பண்ண வேணாம் சீபோ, சும்மா உக்காரு” என்றாராம். அவள் உட்கார்ந்தாள். தேர்தலுக்குத் தேர்தல் உட்கார்ந்தாள். வெள்ளை டிரம் நிறைந்தது. நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டுக்கு அரிசி மூட்டை வந்தது. அவள் வீட்டு வாசலுக்கே குடிநீர்க் குழாய் வந்தது. சைகூ வளர்ந்ததும் கவுன்சில் டிராக்டர் அவன் கைக்கு வந்தது. அந்த டிராக்டரை நம்பித்தான் சைகூவும் அவன் மனைவியும் பிள்ளைகளும் யாங்கூபா விட்டுப்போன மனைவியும் ஒரே வட்டிலில் சாப்பிட்டார்கள். ஆமாம், யாங்கூபாவின் மனைவி பிந்தாவும் அதே வீட்டில்தான் இருந்தாள். இரண்டு பெண்களும் சேர்ந்து சமைப்பார்கள். அதைப் பற்றி மட்டும் ஒருநாளும் பேசியதில்லை.

நான் டாக்கரிலும் நுவாக்ஷோத்திலும் பிறகு பெய்ரூத்திலும் மற்றவர்கள் வீட்டுத் தரையைத் துடைத்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது, பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். என்ன கொண்டுவந்தாய், மறுபடி எப்போது போவாய். சீபோ அத்தை மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீடு என்பதால் வேலியில் இருக்கும் சந்து வழியாக நான் தினமும் அங்கே போய்விடுவேன். அவள் பேசிக்கொண்டே இருப்பாள், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். எவ்வளவு நாகரிகமான பெண் என்று நினைத்தேன்.

ஒருநாள் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவள் கத்தரிக்காய் மாதிரி இருக்கும் கசப்புத் தக்காளியை நறுக்கிக்கொண்டிருந்தாள். சோற்றுப் பானை பொங்கி மூடி தடதடவென்று ஆடியது. கஞ்சி வழிந்து நெருப்பில் சீறியது. அவள் திரும்பவில்லை. வேலி ஓரம் கட்டியிருந்த கழுதை தொண்டை கிழியக் கத்தியது. அதற்கும் திரும்பவில்லை. நான் எழுந்து போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

“அத்தே, எப்பலேருந்து?”

என் உதட்டையே பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

“போன மழையில காய்ச்சல் வந்துச்சுல்ல. எறங்குறப்ப இதையும் எடுத்துட்டுப் போயிருச்சு. மொத மொத வண்டு கத்துற மாதிரி இருந்துச்சு. அப்புறம் அந்த வண்டும் போயிருச்சு.”

“சைகூவுக்குத் தெரியுமா?”

“பிந்தாவுக்குத் தெரியும். அவ யாருகிட்டயும் சொல்ல மாட்டா. நீயும் சொல்லாதடி. தேர்தல் வருது. காது இல்லாத கெழவிக்கு எதுக்கு நாற்காலின்னு கேப்பாங்க. நாற்காலி போனா டிராக்டர் போயிரும்.”

பிறகு சிரித்தாள். முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு.

“காது கேட்ட காலத்துல மட்டும் எனக்கு என்ன தெரிஞ்சுதுங்கிற? எல்லா டிரம்மும் ஒரே மாதிரிதான்டி அடிக்கும். ஒரே பட்டறையில செஞ்சதுதானே.”

அதன்பின் நாங்கள் இருவரும் சேர்ந்து அதைக் காப்பாற்றினோம். வெளியே போகும்போது நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் லேசாக அழுத்துவேன். அவள் திரும்புவாள். “அமைதிதானே?” என்று கேட்பார்கள். “அமைதி மட்டும்தான்” என்பாள். எங்கள் ஊரில் எல்லாப் பேச்சும் இப்படித்தான் தொடங்கும் என்பதால் முதல் ஐந்தாறு வாக்கியங்களுக்குக் காதே தேவைப்படாது.

சைக்கிள் கடை மலாங்கை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. மலாங்கின் குலத்துக்கும் அத்தையின் குலத்துக்கும் கேலி முறை. அவன் அவளைச் சோத்து மூட்டை என்பான், அவள் அவனைத் தன் தாத்தா விலைக்கு வாங்கிய அடிமை என்பாள். எவ்வளவு சொன்னாலும் கோபிக்கக் கூடாது. கோபித்தால் சுற்றி நிற்கிறவர்கள் நம்மைத்தான் கேவலமாகப் பார்ப்பார்கள். அவன் கடை வாசலில் எந்நேரமும் கரி அடுப்பில் தேநீர் கொதிக்கும். வேலையில்லாத இளைஞர்கள் சுற்றி உட்கார்ந்து சிவப்புக் கட்சி பேசுவார்கள். மதியம் முழுக்க சிவப்பு. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பா வெள்ளை, அம்மா வெள்ளை, அவர்களும் வெள்ளை.

வாரச் சந்தையில் அது நடந்தது. நான் கருவாடு விலை பேசிக்கொண்டு நாலு எட்டுத் தள்ளி நின்றுவிட்டேன். அத்தை குனிந்து வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலாங் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தான்.

“ஏய் சோத்து மூட்டை, வழி விடு!”

அவள் அடுத்த வெண்டைக்காயை ஒடித்தாள். அவன் மணியை அடித்தான். இன்னும் பக்கத்தில் வந்து, அவள் காதோரம் கைப்பிடியை நீட்டி அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் முதலில் இருந்தது விளையாட்டு. பிறகு ஆச்சரியம். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடிப்பதற்குள், எதிரே காய் விற்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். அத்தை அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அப்புறம்தான் திரும்பினாள். மலாங்கின் கட்டைவிரல் இன்னும் மணி மேல் இருந்தது.

“அட ஆண்டவனே” என்றான் மலாங். “இத்தனை நாளா இந்தக் காதுக்கா பயந்தோம்?”

சந்தை கலைவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அடுத்த சில நாட்கள் ஊர் ஒரு மாதிரியாக இருந்தது. மலாங் கடையில் உட்கார இடம் போதவில்லை. நேற்றுவரை தலையைக் குனிந்து போனவர்கள் நெற்றியில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டார்கள். குழாயடியில் பெண்கள் சத்தம் போட்டுச் சொன்னார்கள்: “இந்தத் தடவ என் குண்டு எங்க விழணும்னு நான்தான் சொல்லுவேன்.” சொல்லிவிட்டு அத்தையின் வாசலைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் அந்தச் சிரிப்புகளை எல்லாம் கண்ணால் கேட்டாள்.

“சிவப்பு வந்தா சைகூவ வச்சுப்பாங்களா?” என்று என்னிடம் கேட்டாள்.

“தெரியலயே அத்தே.”

“நீ நாலு தேசம் பாத்தவ. அங்கெல்லாம் என்ன பண்ணுவாங்க?”

“அங்கயும் தூக்கிருவாங்க.”

ஃபொடே அந்த வாரம் வரவேயில்லை. வருவார் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை எடுத்துப்போக ஆள் வருவான் என்றும் நினைத்தாள். அதுவும் வரவில்லை.

தேர்தல் நாள் காலையில் அவள் வழக்கம்போல நீல அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தலைத்துணியை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள். சுளகையும் கடலையையும் நான் எடுத்துக்கொண்டேன். வரிசையில் அவள்தான் முதலில் நின்றாள், எப்போதும் அப்படித்தான். உள்ளே போனாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். மணி அடிக்க வழக்கத்தைவிட நேரமானது. அதிகாரி ஒருமுறை செருமினார். பிறகு டிங் என்று ஒரு சத்தம். அத்தை வெளியே வந்து நேராக மாமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

“மணி அடிக்கிறப்ப என் முட்டியைத் தொடு” என்றாள்.

“எதுக்கு அத்தே? எல்லாருக்கும்தான் தெரியுமே.”

“தெரிஞ்சா என்ன. தொடு.”

தொட்டேன். ஒவ்வொரு மணிக்கும் தொட்டேன். அவள் தலை லேசாக அசைந்தது. வெயில் ஏற ஏற மாம்பிஞ்சுகள் உதிர்ந்து சுளகில் விழுந்தன. ஓட்டுப் போட்டு வந்த பெண்கள் இந்த முறை அவள் முகத்தை நேராகப் பார்த்தார்கள். ஒருத்தி கிட்டே வந்து குனிந்து, “அத்தே, என்னுது எந்த டிரம்மு? சொல்லு பாப்போம்!” என்று வாயை அகலமாகத் திறந்து கேட்டாள். பின்னால் வந்தவர்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். மலாங் வரிசையில் நின்றுகொண்டே இரண்டு கைகளையும் காதுக்குப் பின்னால் யானைக் காது போல வைத்துக் காட்டினான். அத்தை அவனைப் பார்த்து, “போடா அடிமை, உனக்கு ஓட்டு குடுத்ததே தப்பு” என்றாள். அதற்கும் சிரிப்புத்தான்.

எண்ணிக்கை அங்கேயே, பள்ளிக்கூட முற்றத்திலேயே நடந்தது. சிவப்பு டிரம்மை முதலில் கவிழ்த்தார்கள். குழி வைத்த பலகையில் குண்டுகளைப் பரப்பினார்கள். முதல் வரிசைகள் சில நிரம்பின. அதோடு சரி. மீதிக் குழிகள் காலியாகவே கிடந்தன. அதிகாரி டிரம்மைத் தட்டிப் பார்த்தார். குண்டு உருளாமலிருக்க அடியில் கொட்டிய மண் மட்டும் உள்ளே ஒட்டியிருந்தது. பிறகு வெள்ளை டிரம்மைக் கவிழ்த்தார்கள். பலகை போதாமல் இன்னொரு பலகை கேட்டார்கள். அப்புறம் இன்னொன்று.

போன தேர்தல் மாதிரியேதான். அதற்கு முந்தின தேர்தல் மாதிரியேதான். காது இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாரிக்குண்டா வெள்ளைதான். விதைக்கடலை அவர்கள் கையில் இருக்கிறது, குழாய் அவர்கள் போட்டது, ஜெயிக்கப்போவது அவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நெற்றியில் கட்டிய சிவப்புத் துணியை இளைஞர்கள் ஒவ்வொருவராக அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் திணித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நான் அத்தையைப் பார்த்தேன். பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காக இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தோம் என்று அவள் நினைத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் முகம் அதற்காக மட்டும் வெளுக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மலாங் அந்தப் பலகையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். அவன் கடையில் தினமும் தேநீர் குடித்தவர்கள் எத்தனை பேர் பொய் சொன்னார்கள் என்பதை அந்தக் காலிக் குழிகள் சொல்லின. அவமானத்தில் அவனுக்கு யாரையாவது பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தால் குற்றமில்லாத ஆள் அவனுக்கு அங்கே ஒருத்திதான். அவள் முன்னால் போய் நின்றான். கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, கண்ணை மூடி, தலையை அவளைப் போலவே லேசாக அசைத்து, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அந்த வாக்கியத்தைச் சொன்னான்.

“உன் குண்டு வெள்ளைல விழலயே, சீபோ.”

அவள் அவன் உதட்டைப் படித்தாள். கடலை உரித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. வாய் திறந்தது. “யாரு சொன்னா?” என்றாள்.

முற்றத்தில் சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் சிரிக்கவில்லை. மலாங்கின் கை காதுக்குப் பின்னால் அப்படியே நின்றது. “அக்கா, சும்மா… சும்மா கேலிக்குத்தான்…” என்றான். பிந்தா கூட்டத்துக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாங்கூபாவின் கை வட்டிலுக்கு மேல் நின்றதைப் பார்த்தவள் அவள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். ஃபொடேயும் அங்கேதான் இருந்தார். கைத்தடியை ஊன்றி எழுந்து போனார்.

மறுநாள் அவர் வந்தார். தேநீர் வேண்டாம் என்றார். அவள் பார்க்கும்படி எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேசினார்.

“உனக்குக் காது போனது எனக்கு மழைக்காலத்துலயே தெரியும் சீபோ. மசூதி ஒலிபெருக்கி உன் தலைக்கு மேல கத்துறப்ப நீ கண்ணு கூடச் சிமிட்டல. அதுக்காக உன்ன விட்டுருவேனா? நாற்காலியை எடுக்கச் சொன்னேனா?”

“இல்ல.”

“பின்ன ஏன்?”

“ஊரு மொத்தமும் செவப்புக்குப் போகுதுன்னு நெனச்சேன். என் குண்டும் அதுல கெடந்தா, நாளைக்கு அவங்ககிட்டப் போயி, சத்தியமா நானும் போட்டேன், என் மகனை விட்டுருங்கன்னு கேக்கலாம்னு.”

“கேட்டிருந்தா நம்பியிருப்பாங்களா?”

“நான் பொய் சொல்ல வேண்டியிருக்காதுல்ல. ஒரு தடவயாச்சும்.”

ஃபொடே பெருமூச்சு விட்டார். “நான் மட்டும் பாத்திருந்தா பரவால்ல. ஊரே பாத்திருச்சு. உன்னச் சும்மா விட்டா நாளைக்கு யாருக்கு என்னன்னு சொல்லுவேன்?” என்றார். அவர் எழுந்து போன கொஞ்ச நேரத்தில் சைகூ டிராக்டர் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாரம் முடிவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு எல்லைப் பக்கம் போகும் வண்டியில் ஏறினான். யாங்கூபா போன அதே சாலை. வேறு சாலை எங்கள் ஊருக்கு இல்லை.

மலாங் வாசல்வரை வந்து வந்து திரும்பினான். கேலி முறை உள்ளவர்கள் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் கிடையாது. கேட்டால் கேலியே பொய்யாகிவிடும். ஒருநாள் உள்ளே வந்து, “என்ன சோத்து மூட்டை, இன்னும் உயிரோட இருக்கியா?” என்றான். குரல் உடைந்துவிட்டது. அவளுக்கு அது கேட்கவில்லை. உதட்டை மட்டும் பார்த்து, “உன்னப் பொதைச்சுட்டுத்தான்டா போவேன்” என்றாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

பிந்தா சமைக்கிறாள். வட்டில் இப்போது சின்னது. நாற்காலி இன்னும் மாமரத்தடியில் கிடக்கிறது. ஆடுகள் அதன்மேல் முன்காலை வைத்து இலையைக் கடிக்கின்றன.

நேற்று சாயங்காலம் வேலிச் சந்து வழியாகப் போனேன். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அத்தை குழாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“நீ ஜன்னலுக்கு வெளியதானே நின்ன” என்றாள். “என் குண்டு விழுந்தப்ப எப்படிக் கேட்டுச்சு?”

“மத்ததெல்லாம் மாதிரியேதான் அத்தே.”

இருட்டில் என் உதடு அவளுக்குத் தெரியவில்லை. முகத்தை என் பக்கம் நீட்டி, பதிலுக்காக இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.